ஒன்பது மணி மாத்திரை

ரிசல்ட் கைக்கு வந்த அன்று யாருக்கும் காது கேட்காது. எச்.ஐ.வி. பரிசோதனை நடக்கும் நம்பிக்கை மையத்தில் ஆலோசகர் அரை மணி நேரம் பேசியிருப்பார். வெளியே வந்து பஸ் ஏறியதும் அதில் ஒரு வரிகூட நினைவில் நிற்காது. ஆலோசகராக உட்கார்ந்திருந்த ஆண்டுகளில் இது எனக்குப் பழகிப்போனது. முதல் நாள் சொன்னதையே இரண்டாம் முறை வரும்போதும் சொல்வேன். அவர்கள் புதிதாகக் கேட்பதுபோலத் தலையாட்டுவார்கள். இந்த அத்தியாயம் அந்த இரண்டாம் சந்திப்புக்கானது. படபடப்பு கொஞ்சம் அடங்கி, "சரி, மருந்துன்னு சொன்னாங்களே, அது என்ன?" என்று கேட்கத் தோன்றும் நேரத்துக்கானது.

முதலில் உங்கள் மனதில் இருக்கும் படத்தைப் பற்றிப் பேசிவிடலாம். எச்.ஐ.வி. மருந்து என்றதும் பலருக்கு ஒட்டிய கன்னமும் குச்சி போன்ற கைகாலும் கண்முன் வரும். அந்தப் படம் பொய்யல்ல, பழையது. இந்தியாவில் இந்தக் கிருமி முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986இல், சென்னையில் எடுத்த ரத்த மாதிரிகளில். டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் கண்டுபிடித்தார்கள். அரசு இலவசமாகக் கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கியது 2004 ஏப்ரலில். இடையில் பதினெட்டு ஆண்டுகள். அந்தக் காலத்தில் ஒரு தெருவில் ஒருவர் இறந்திருந்தால், தெரு முழுக்க அந்த முகத்தைத்தான் நினைவில் வைத்திருக்கும்.

ஆரம்பத்தில் வந்த மருந்துகளும் லேசுப்பட்டவை அல்ல. ஸ்டாவுடின் உயிரைக் காப்பாற்றியது, ஆனால் கன்னக் கொழுப்பைக் கரைத்து முகத்திலேயே நோயை எழுதிவிட்டது. பாதம் எரியும், மரத்துப்போகும். நெவிரபின் சிலருக்கு உடம்பெல்லாம் தடிப்பைக் கொண்டுவந்தது. ஜிடோவுடின் ரத்தசோகை தந்தது. எஃபாவிரென்ஸ் போட்டுப் படுத்தவர்கள் விடியும்வரை விசித்திரக் கனவு கண்டார்கள். இன்று புதிதாகத் தொடங்கும் பெரியவர்களுக்கு இவை பெரும்பாலும் கிடையாது. டெனோஃபோவிர் 300 மில்லிகிராம், லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50 ஆகிய மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, நாளுக்கு ஒரு வேளை. மையத்தில் 'டி.எல்.டி.' என்பார்கள். பக்கத்து வீட்டு மாமாவுக்கு நடந்ததை வைத்து இந்த மாத்திரையை எடைபோடாதீர்கள். அவர் சாப்பிட்டது வேறு மருந்து.

இப்போதே ஆரம்பிக்கணுமா?

"உடம்பு நல்லாத்தானே இருக்கு சார். இன்னும் கொஞ்ச நாள் போகட்டுமே." இதைச் சொல்லாத ஆளை நான் பார்த்ததில்லை. அதில் தப்பும் இல்லை. ஒருகாலத்தில் மருத்துவர்களே அப்படித்தான் சொன்னார்கள். உடலின் காவல் அணுக்களான சிடி4 எண்ணிக்கை 200க்குக் கீழே இறங்கினால்தான் மருந்து என்றிருந்தது. பிறகு 350, பிறகு 500 என்று அந்தக் கோடு மேலே ஏறி, 2017இல் கோடே அழிந்தது. எச்.ஐ.வி. உறுதியானால் சிடி4 எவ்வளவு இருந்தாலும் மருந்து என்பதுதான் இப்போதைய விதி.

இதற்குக் காரணமான ஆய்வுகளில் இரண்டு உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று 35 நாடுகளில் 4,685 பேரிடம் நடந்தது. எல்லாருக்கும் சிடி4 500க்கு மேல், அதாவது 'உடம்பு நல்லாத்தான் இருக்கு' என்று சொல்லக்கூடியவர்கள். பாதிப் பேர் உடனே தொடங்கினார்கள், மீதிப் பேர் காத்திருந்தார்கள். உடனே தொடங்கியவர்களுக்குத் தீவிர நோயும் மரணமும் பாதிக்கும் மேல் குறைந்தது 2015இல் தெரியவந்ததும், காத்திருந்தவர்களுக்கும் மருந்து கொடுக்கச் சொன்னார்கள். மற்றொன்று கணவன், மனைவி இருவரில் ஒருவருக்கு மட்டும் கிருமி உள்ள 1,763 தம்பதிகளிடம் ஒன்பது நாடுகளில் நடந்தது. சென்னையும் அதில் ஒரு களம். முன்கூட்டியே மருந்து தொடங்கியவரிடமிருந்து துணைக்குக் கிருமி போவது 96 சதவீதம் குறைந்ததாக 2011இல் அறிவித்தார்கள்.

ஆக, தொடங்க வேண்டுமா என்ற கேள்விக்கு விடை வந்துவிட்டது. இந்த வாரமா, இன்னும் சில வாரம் கழித்தா என்பதைத்தான் மருத்துவர் தீர்மானிக்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு ஏழு நாளுக்குள், தயாராக இருந்தால் அன்றைக்கே தொடங்கலாம். தள்ளிப்போட நியாயமான காரணங்களில் முக்கியமானது மூளைக்காய்ச்சல் சந்தேகம். விடாத தலைவலி, கழுத்து விறைப்பு, குழப்பம் இருந்தால் அதை முதலில் சொல்லுங்கள். மூளையில் காசநோயோ பூஞ்சைத் தொற்றோ இருக்கும்போது கூட்டு மருந்தை அவசரமாகத் தொடங்கினால் ஆபத்து, அதனால் சில வாரம் பொறுப்பார்கள். நுரையீரல் காசநோய் என்றால் முதலில் காச மருந்து, இரண்டு வாரத்துக்குள் கூட்டு மருந்து. இருமல், காய்ச்சல், எடைக்குறைவு, இரவில் வியர்ப்பது ஆகிய நாலில் ஏதாவது இருக்கிறதா என்று ஒவ்வொரு முறை போகும்போதும் கேட்பார்கள். சலித்துக்கொள்ளாமல் பதில் சொல்லுங்கள். எச்.ஐ.வி. உள்ளவர்களை நம் ஊரில் அதிகம் கொல்வது காசநோய்தான்.

மனம் தயாராகவில்லை என்றால்? அதுவும் காரணம்தான், மறைக்கத் தேவையில்லை. "எனக்கு ஒரு வாரம் வேணும்" என்று கேளுங்கள். ஆனால் அடுத்து வரும் தேதியைச் சொல்லிவிட்டு எழுந்திருங்கள். தேதி சொல்லாமல் போனவர்களில் பலரை நான் மறுபடி பார்த்தது ஸ்ட்ரெச்சரில்.

முதல் டப்பாவுக்கு முன்

கூட்டு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் ரத்தம் எடுப்பார்கள். சிடி4, சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின், ஹீமோகுளோபின், கல்லீரல், மஞ்சள்காமாலைக் கிருமிகளான ஹெபடைடிஸ் பி, சி. உங்கள் பெயரில் ஒரு வெள்ளை அட்டை மையத்தில் இருக்கும், ஒரு பச்சைப் புத்தகம் உங்களிடம் இருக்கும். அந்தப் பச்சைப் புத்தகத்தை ரேஷன் கார்டு போலப் பத்திரப்படுத்துங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படமெடுத்துப் பூட்டிவைப்பது இன்னும் நல்லது.

நீங்கள் வேறு என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்பதை மையத்தில் நீங்களாகச் சொன்னால்தான் தெரியும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர் சொல்ல வேண்டும், டோலுடெக்ராவிர் அதன் அளவை ரத்தத்தில் கூட்டும். பொதுவாக நாளுக்கு 1,000 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் மருத்துவர் பார்த்துக்கொள்வார். வலிப்புக்கு கார்பமாசெபின், பெனிடாயின் எடுப்பவர் கட்டாயம் சொல்ல வேண்டும், அவை டோலுடெக்ராவிரை ரத்தத்தில் குறைத்துவிடும். காசநோய்க்கான ரிஃபாம்பிசினும் அப்படியே. அதனால்தான் காச மருந்து எடுக்கும் காலத்தில் பன்னிரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு டோலுடெக்ராவிர் மாத்திரையைச் சேர்த்துக் கொடுப்பார்கள். காச மருந்து முடிந்த பிறகும் இரண்டு வாரம் அந்தக் கூடுதல் மாத்திரை தொடரும். 'காசம் சரியாப்போச்சு' என்று நீங்களே நிறுத்திவிடக் கூடாது.

நாட்டு மருந்து பற்றி ஒரு வார்த்தை. இலவசக் கூட்டு மருந்து இல்லாத 1990களில் தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனையிலேயே ரசகந்தி மெழுகும் அமுக்கரா சூரணமும் நெல்லிக்காய் லேகியமும் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குக் கொடுக்கப்பட்டன. அன்று கையில் வேறொன்றும் இல்லை. இன்று கூட்டு மருந்துக்குப் பதிலாக வேறொன்றை நம்பி உட்கார நியாயமே இல்லை. கூடவே சாப்பிட ஆசைப்பட்டாலும் மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள். பாதரசமும் கந்தகமும் சேர்ந்த மருந்தைச் சிறுநீரகத்தைக் கவனித்துப் போட வேண்டிய டெனோஃபோவிரோடு சேர்ப்பது விளையாட்டல்ல.

கருத்தரிக்கும் வயதுப் பெண்கள் சிலர் டோலுடெக்ராவிரைக் கண்டு பயப்படுகிறார்கள். 2018இல் போட்ஸ்வானாவிலிருந்து வந்த ஆரம்பத் தகவல், குழந்தையின் முதுகுத்தண்டில் குறை வரலாமோ என்ற சந்தேகத்தைக் கிளப்பியது உண்மை. அதே ஆய்வு தொடர்ந்து, பிரசவங்களின் எண்ணிக்கை கூடக்கூட அந்த வித்தியாசம் கரைந்துபோனது. இன்று கர்ப்பிணிகளுக்கும் இதே மருந்துதான். கர்ப்பத்தில் மருந்தை நிறுத்துவதுதான் குழந்தைக்கு ஆபத்து.

எத்தனை மணிக்கு, எந்த இடத்தில்

மருந்தைத் தேர்ந்தெடுப்பது மருத்துவர் வேலை, மணியைத் தேர்ந்தெடுப்பது உங்கள் வேலை. என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் கடினம். 'ராத்திரி ஒன்பது மணி' என்று எல்லாரும் வழக்கமாகச் சொல்லிவிடுவார்கள். நைட் ஷிப்ட் பார்ப்பவருக்கு ஒன்பது மணி பஸ்ஸில் போகும் நேரம். கூட்டுக் குடும்பத்து மருமகளுக்கு அது எல்லாரும் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும் நேரம். டி.எல்.டி. மாத்திரையைச் சாப்பிட்டும் போடலாம், வெறும் வயிற்றிலும் போடலாம், காலையிலும் போடலாம். ஆகவே வீட்டின் ஓட்டத்தைப் பார்த்து, நீங்கள் தினமும் தனியாக இருக்கும் பத்து நிமிடத்தைக் கண்டுபிடியுங்கள். பல் துலக்கும் நேரம், பால் வாங்கப் போகும் நேரம், கடை திறக்கும் நேரம். தூக்கம் கெடுகிறது என்றால் காலைக்கு மாற்றுவது நல்லது, இந்த மருந்து சிலரின் தூக்கத்தைக் கலைக்கும்.

ஒரு பெண் என்னிடம் சொன்னார்: "சார், மாத்திரை போடறது கஷ்டமில்ல. டப்பா குலுங்குது சார்." முப்பது மாத்திரை உள்ள பிளாஸ்டிக் டப்பா கைப்பையில் கிலுகிலுப்பை போலச் சத்தம் போடும். மாமியார் "என்னடி அது" என்று கேட்டுவிட்டார். டப்பாவை ஒரு துணியில் சுற்றி அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தோம், சத்தம் நின்றது. ஒரு வாரத்துக்கானதை மட்டும் சின்ன டப்பியில் மாற்றிக்கொள்வதும் சரி. மொத்தத்தையும் பேப்பரில் மடித்துவைக்காதீர்கள். டப்பாவுக்குள் இருக்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தைத் தூக்கிப்போடாதீர்கள். வெயிலில் நிற்கும் பைக் பெட்டியில் டப்பாவை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

யாரிடமும் சொல்லாமல் ஆண்டுக்கணக்கில் மருந்து போட்டவர்களும் இருக்கிறார்கள், முடியாதென்று இல்லை. ஆனால் ஒரே ஒருவருக்காவது தெரிந்திருந்தால், காய்ச்சலில் நீங்கள் படுத்திருக்கும் நாளில் மையத்துக்குப் போய்வர ஆள் கிடைக்கும். யாரிடம் சொல்வது என்பது உங்கள் உரிமை. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டப்படி, உங்கள் நிலையை உங்கள் அனுமதியின்றி வெளியே சொல்வது பொதுவாகத் தடைசெய்யப்பட்டது. முதலாளி இதைக் காரணம் காட்டி வேலையிலிருந்து எடுப்பதும், மருத்துவமனை சிகிச்சை மறுப்பதும் அந்தச் சட்டத்துக்கு எதிரானவை. 1097 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே விவரம் கேட்கலாம்.

விரதம் இருப்பவர்களுக்கு: ஒரு மடக்குத் தண்ணீரோடு மாத்திரை போட்டால் சஷ்டி கெட்டுவிடாது. ரமலான் நோன்பில் சஹர் நேரத்திலோ நோன்பு திறந்த பிறகோ போட்டுக்கொள்ளலாம். குடிப்பவர்களுக்கு: 'குடித்த அன்னிக்கு மாத்திரை போடக்கூடாது' என்று யாரோ கிளப்பிவிட்ட பேச்சு எத்தனை மாத்திரைகளைத் தின்றிருக்கிறதோ தெரியாது. குடி கல்லீரலுக்குக் கெடுதல், விட்டால் நல்லது. ஆனால் குடித்த அன்றும் மாத்திரையைப் போடத்தான் வேண்டும்.

மறந்துவிட்டால் நினைவு வந்ததும் போடுங்கள். அடுத்த வேளைக்கு நாலு மணி நேரம்கூட இல்லை என்றால் அதை விட்டுவிட்டு வழக்கமான நேரத்தில் போடுங்கள். இரண்டாகச் சேர்த்துப் போட வேண்டாம். மாதத்தில் ஒன்றுக்கு மேல் தவறினால் ஏன் என்று யோசிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

முதல் மூன்று மாதம்

தலைவலி, குமட்டல், தூக்கக் குறைவு ஆகியவை பெரும்பாலும் சில வாரத்தில் அடங்கும். மனம் மிகவும் சோர்ந்துபோனால் அதையும் மருந்தின் விளைவாக இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு சொல்லுங்கள். பிறகு எடை ஏறும். பழைய படத்தை மனதில் வைத்திருப்பவர்களுக்கு அது சந்தோஷமாக இருக்கும், ஆனால் இடுப்பளவையும் சர்க்கரையையும் கவனிக்க வேண்டும்.

நான் அதிகம் பயப்படுவது வேறொன்றுக்கு. மருந்து தொடங்கிய மூன்றாம் வாரமோ ஆறாம் வாரமோ திடீரென்று காய்ச்சல் வரும், கழுத்தில் நெறி கட்டும், இருமல் பிடிக்கும். "மருந்து போடறதுக்கு முன்னால நல்லா இருந்தேன், போட்டப்புறம்தான் இப்படி" என்று டப்பாவைத் தூக்கி எறிவார்கள். நடப்பது என்னவென்றால், தூங்கிக்கிடந்த உடலின் எதிர்ப்புச் சக்தி விழித்துக்கொண்டு, முன்பே உள்ளே பதுங்கியிருந்த காசக் கிருமி போன்றவற்றோடு சண்டைக்குப் போகிறது. சிடி4 மிகக் குறைவாக இருந்து தொடங்கியவர்களுக்கு இது அதிகம். மருந்தை நிறுத்தாமல் மையத்துக்கு ஓடுங்கள். அந்தச் சண்டைக்குத் தனி வைத்தியம் உண்டு.

வயிற்றெரிச்சலுக்கு ஜெலுசில் போன்ற அலுமினியம், மெக்னீசியம் கலந்த மருந்து குடிப்பவர்கள், கூட்டு மருந்து போட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். முதலில் அதைக் குடித்துவிட்டால் மாத்திரைக்கு ஆறு மணி நேரம் காத்திருங்கள். இல்லாவிட்டால் டோலுடெக்ராவிர் ரத்தத்தில் சேராமல் வயிற்றோடு போய்விடும். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கும் இதே கணக்குதான். ஆனால் சாப்பாட்டோடு போட்டால் இந்தச் சத்து மாத்திரைகளையும் கூட்டு மருந்தையும் சேர்த்தே போடலாம். கர்ப்பிணிகளுக்கு இந்த விலக்கு பெரிய நிம்மதி. மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபெனாக் வாங்கித் தினமும் விழுங்குவதை மட்டும் விட்டுவிடுங்கள். டெனோஃபோவிரோடு சேர்ந்து அது சிறுநீரகத்தைப் பதம்பார்க்கும்.

'இல்லை' என்று வரும் ரிப்போர்ட்

ஆறாம் மாதம் வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் கிருமி எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பார்கள், பிறகு பன்னிரண்டாம் மாதம், அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறை. ஒழுங்காக மருந்து போட்டவர்களில் பெரும்பாலோருக்குக் கிருமி எண்ண முடியாத அளவுக்கு இறங்கியிருக்கும். அந்த நிலை நீடிக்கும்வரை உடலுறவு மூலம் துணைக்குக் கிருமி போகாது. உலக சுகாதார நிறுவனம் இதை ஆபத்து பூஜ்யம் என்றே சொல்கிறது. இந்த ஒரு செய்தியைக் கேட்டு அழுத கணவர்களைப் பார்த்திருக்கிறேன். மற்ற பால்வினை நோய்களை இது தடுக்காது, அதற்கு ஆணுறை வேண்டும்.

ஆனால் இதே ரிப்போர்ட்டுக்கு இன்னொரு முகம் உண்டு. "கிருமி இல்லன்னு வந்துருச்சு, குணமாயிட்டேன்" என்று மருந்தை விட்டவர்கள் ஏராளம். கிருமி ரத்தத்தில் எண்ணுவதற்கு இல்லை, அவ்வளவுதான். சில அணுக்களுக்குள் அது உறங்கிக்கொண்டிருக்கிறது. மருந்தை நிறுத்தினால் சில வாரங்களில் எழுந்துவிடும். 'நடுவில் இடைவெளி கொடுத்தால் உடம்புக்கு ஓய்வு' என்ற யோசனையையும் ஒரு பெரிய ஆய்வில் சோதித்துப் பார்த்தாயிற்று. நிறுத்தி நிறுத்திப் போட்டவர்களுக்கு நோயும் மரணமும் கூடியதால் 2006இல் அந்த ஆய்வையே பாதியில் முடித்தார்கள். ஹெபடைடிஸ் பியும் உள்ளவர் நிறுத்தினால் கல்லீரல் வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம், ஏனென்றால் இதே மாத்திரைதான் அந்தக் கிருமியையும் கட்டிவைத்திருந்தது.

வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போக நினைக்கும் தம்பிகள் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். விசா மெடிக்கலில் பார்ப்பது வைரல் லோடு அல்ல, கிருமிக்கு எதிராக உடல் உருவாக்கிய எதிர்ப்பொருளை. வைரல் லோடு எண்ண முடியாத அளவில் இருந்தாலும் அந்தச் சோதனை பாசிட்டிவ் என்றே காட்டும். மெடிக்கலுக்காக மருந்தை நிறுத்துவதால் ரிசல்ட் மாறாது, உடம்புதான் மாறும். ஏஜென்டுக்குப் பணம் கட்டும் முன் இதை யோசியுங்கள்.

உள்நாட்டில் வேலை மாறிப் போகிறவர்கள், திருப்பூருக்கோ பெங்களூருக்கோ, மையத்தில் சொல்லி மாற்றுக் கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள். பஸ்ஸில் பை தொலைந்தால் அந்த ஊர் ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போய்ப் பச்சைப் புத்தகத்தையோ போனில் உள்ள படத்தையோ காட்டி இடைக்கால மருந்து கேளுங்கள். வைரல் லோடு கட்டுக்குள் இருப்பவர்கள் மாதாமாதம் அலையாமல் மொத்தமாக வாங்க முடியுமா, வீட்டருகே இணை மையம் உண்டா என்றும் கேளுங்கள். கேட்காதவர்களுக்கு இது தெரியாமலே போகிறது.

விட்டுவிட்டு வருபவர்கள்

மையத்தில் டப்பாவைத் திறந்து மிச்ச மாத்திரையை எண்ணுவார்கள். இது தெரிந்ததால், வரும் வழியிலேயே மிச்சத்தைச் சாக்கடையில் கொட்டிக் கணக்கை நேர்செய்து வருபவர்கள் உண்டு. திட்டு விழும் என்ற பயம். திட்டுகிற ஆட்களும் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பொய்க்கணக்கில் ஒரு சிக்கல் இருக்கிறது. வைரல் லோடு 1,000ஐத் தாண்டி வந்து, நீங்களும் 'ஒண்ணுகூட விடல' என்றால், மருத்துவர் மருந்துதான் வேலைசெய்யவில்லை என்று நினைப்பார். நன்றாக வேலைசெய்யும் மாத்திரையை விட்டுவிட்டு, கூடுதல் மாத்திரையும் கூடுதல் தொந்தரவும் உள்ள அடுத்த வரிசை மருந்துக்குப் போக நேரும். உண்மையைச் சொன்னால், எங்கே தடுமாறுகிறது என்று பார்த்து, மூன்று மாதம் ஒழுங்காகப் போடவைத்து, மறுபடி வைரல் லோடு எடுப்பார்கள். பலருக்கு அதே மருந்திலேயே இறங்கிவிடும்.

நாலு மாதம் காணாமல்போய் ஒரு லாரி டிரைவர் வந்தார். கதவருகிலேயே நின்றார். "அசாம் பக்கம் லோடு சார். டப்பா தீர்ந்துபோச்சு. எங்க கேக்கறதுன்னு தெரியல." இருமல் இருக்கிறதா, தலைவலி இருக்கிறதா, எடை என்ன என்று பார்த்தோம். சளிப் பரிசோதனைக்கும் சிடி4க்கும் அனுப்பினோம். காசம் இல்லை என்றதும் அதே மாத்திரையை மீண்டும் தொடங்கினார். இந்த முறை அவர் வண்டி ஓடும் வழியில் எந்தெந்த ஊரில் ஏ.ஆர்.டி. மையம் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி, பச்சைப் புத்தகத்தின் பின்னட்டைக்குள் செருகிக் கொடுத்தேன். அவர் தாளை வெளியே எடுத்து, எழுத்துக்கூட்டி ஒருமுறை படித்துவிட்டு, விஜயவாடாவுக்குக் கீழே பேனாவால் ஒரு கோடு போட்டார். "இங்கதான் சார் நாங்க சாப்பிட நிறுத்துவோம்" என்றார்.